புரதம் மாறாவிட்டாலும் பயிர் மாறும்

பயிர் இரகங்களின் மரபணு வரிசைகளை ஒப்பிடும்போது, மரபணு உருவாக்கும் புரதத்தை மாற்றாத டி.என்.ஏ. எழுத்து மாற்றங்களை முதல் சுற்றிலேயே கழித்துவிடுவது இன்றும் பரவலான வழக்கம். ஆய்வு மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் பட்டியல்களும் பெரும்பாலும் அவ்வாறு கழிக்கப்பட்டவையே. மரபணுக்களை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ.க்களின் வேலையை அறிந்த பிறகும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு தொடர்வது சரியன்று.

இவற்றுள் ஒன்றான, தாவரங்களின் மைக்ரோ ஆர்.என்.ஏ. பெரும்பாலும் 21 எழுத்து நீளமே உடையது. அது ஆர்கோநாட் என்னும் புரதத்துடன் சேர்ந்து, தன்னோடு ஏறத்தாழ முழுமையாக இணைசேரும் தூது ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதம் செய்வதற்கான மரபணுவின் நகலை, பிடித்து வெட்டுகிறது; அதனால் அப்புரதம் குறைகிறது. பொருத்தம் இத்தனை நெருக்கமாக இருக்க வேண்டியிருப்பதால், பிடிக்கும் இடத்தில் ஓர் எழுத்து பிறழ்ந்தாலே கட்டுப்பாடு தளரக்கூடும்.

பார்லி இதற்குத் தெளிவான சான்று. அதன் பூவின் அடியிலுள்ள லோடிக்யூல் என்னும் சிறு செதில்கள் உப்பி, உமிகளை விலக்கிப் பூவைத் திறக்கின்றன. சில இரகங்களில் இச்செதில்கள் வளராததால், பூ மூடியபடியே உள்ளுக்குள் மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடுகிறது. இதற்குக் காரணமான, பிற மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஏபி2 வகை மரபணுவில், மைக்ரோ ஆர்.என்.ஏ. 172 பிடிக்கும் இடத்தில் ஓர் எழுத்து மட்டுமே மாறியிருப்பதை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த மாற்றத்தால், புரதத்தின் கட்டுமான அலகான அமினோ அமிலம் ஒன்றுகூட மாறவில்லை. நம் வழக்கப்படி அது பட்டியலிலிருந்து கழிந்துபோயிருக்கும்.

கோதுமையில் கதிரடிக்கும்போது மணி உமியிலிருந்து எளிதில் பிரியக் காரணமான கியூ மரபணுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் ஓர் அமினோ அமில மாற்றம் கண்ணில் பட்டதால் அதுவே காரணமோ என்ற ஐயம் நெடுநாள் இருந்தது; ஆனால் மைக்ரோ ஆர்.என்.ஏ. 172-இன் பிடி தளர்ந்ததே முக்கியக் காரணம் என்பதை 2017-இன் ஆய்வுகள் உறுதிப்படுத்தின. நெல்லில் ஐபிஏ1 மரபணு மைக்ரோ ஆர்.என்.ஏ. 156-இன் பிடியிலிருந்து நழுவியபோது, வீண் தூர்கள் குறைந்து கதிரில் மணிகள் கூடின.

மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் எளிதில் மாறுவதில்லை; 156 என்பது மாஸ் (moss) என்னும் பாசிச்செடியிலும் உண்டு, நெல்லிலும் உண்டு. ஒரே ஆர்.என்.ஏ. பல மரபணுக்களை அடக்குவதால், அதுவே மாறினால் செடி முழுவதும் குலையும். இலக்கு மரபணு ஒன்றில் மட்டும் பிடி தளர்ந்தால் ஓர் உறுப்பே மாறும். பரிணாமத்துக்கும், நல்ல கதிரைத் தேர்ந்து விதைத்த பண்டைய உழவர்களுக்கும் இந்த வழியே எளிதாக வாய்த்தது என்று கருதுகிறேன்.

ஆகவே, எந்த மாற்றத்தையும் கழிப்பதற்கு முன், அது மைக்ரோ ஆர்.என்.ஏ. பிடிக்கும் இடத்தில் விழுந்துள்ளதா என்று பாருங்கள். கணினிக் கருவிகள் தருவது ஊகம் மட்டுமே, தூது ஆர்.என்.ஏ. அந்த இடத்தில் உண்மையில் வெட்டுப்படுகிறதா என்பதை ஆய்வகத்தில் சோதித்தே முடிவுசெய்ய வேண்டும்.