வயல் மண்ணில் பாக்டீரியா பிரிக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? பல்லுயிர்ச் சட்டம் ஆய்வாளர்களுக்குச் சொல்வது

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் தொடங்கும் மாதத்தில் மைக்ரோபயாலஜி மாணவர்களுக்குத் தவறாமல் வரும் சந்தேகம் இது: "எங்க ஊர் வயல்லேருந்து மண் எடுத்து பாக்டீரியா பிரிக்கப் போறேன், இதுக்கும் பெர்மிஷன் வேணுமா?"

வேண்டாம். நீங்கள் இந்தியக் குடிமகன், இந்தியாவில் வசிக்கிறீர்கள், இங்குள்ள கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்கிறீர்கள், முடிவைக் கட்டுரையாக வெளியிடப் போகிறீர்கள் என்றால், பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், 2002 உங்களைத் தடுக்காது. வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். மண் காப்புக்காட்டில் இருந்தால் வனத்துறை அனுமதி தேவை, ஆனால் அது வேறு சட்டம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

இந்தச் சட்டம் பார்ப்பது இரண்டை: மண்ணை எடுப்பவர் யார், பிரித்த கல்ச்சர் (ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த நுண்ணுயிர்) எங்கே போகிறது. அதில் செடி, விலங்கு, நுண்ணுயிர், அவற்றின் மரபணுப் பொருள் எல்லாம் அடக்கம். பாக்டீரியா போலவே காளானும் ஈஸ்ட்டும் இதில் வரும். மனித மரபணுப் பொருள் வராது.

முதலில், யார் என்பது. பிரிவு 3-ன்படி வெளிநாட்டவரும் வெளிநாட்டுக் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களும் ஆய்வுக்காக எடுப்பதற்கே தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதியைப் பெற வேண்டும். இதில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வருமான வரிச் சட்டப்படி 'வெளிநாட்டில் வசிப்பவர்' ஆகிவிட்ட இந்தியக் குடிமகனும் இதே வரிசைதான். ஜெர்மனியில் பிஎச்.டி. செய்யும் பிள்ளை பொங்கலுக்கு ஊருக்கு வந்த இடத்தில், கோயில் குளத்துச் சேற்றை ஒரு சிறு குழாயில் அடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினால், கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தாலும் அது அனுமதியில்லாத எடுப்பு.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்டால் ஒரு பூஞ்சையின் கதையைச் சொல்ல வேண்டும். 1969-ல் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் மருந்து நிறுவன ஊழியர் ஒருவர் நார்வேயின் ஹார்டாங்கர்விடா மேட்டுநிலத்துக்கு விடுமுறையில் போனபோது கொஞ்சம் மண் எடுத்து வந்தார். அதிலிருந்த பூஞ்சை சைக்ளோஸ்போரின் தந்தது. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைகளின் தலையெழுத்தையே மாற்றிய மருந்து. நார்வேக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவிலிருந்து வந்த, டி.என்.ஏ.வைப் படியெடுக்க உதவும் டாக் பாலிமரேஸ் என்ற நொதியும் அப்படித்தான். அதை வைத்து மற்றவர்கள் சம்பாதித்தார்கள், பூங்காவுக்குப் பங்கு இல்லை. 1992-ன் உயிரியல் பன்முகத்தன்மை உடன்படிக்கை, ஒரு நாட்டின் உயிர்வளத்தின் மேல் அந்த நாட்டுக்கே இறையாண்மை என்று எழுதியது. அதன் வழியில் வந்ததுதான் நம் சட்டம். ஆணையத்தின் அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது.

அடுத்தது, எங்கே போகிறது என்பது. உள்ளூர் மாணவருக்கும் சிக்கல் வருவது இங்கேதான். ஒரு புதிய பாக்டீரியா இனத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர் செல்லுபடியாக வேண்டுமானால், மாதிரி கல்ச்சரை இரு வேறு நாடுகளில் உள்ள இரண்டு சேமிப்பகங்களிலாவது வைக்க வேண்டும் என்பது சர்வதேசப் பெயரிடல் விதி. ஒன்றைச் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி.யிலோ புனேயில் உள்ள எம்.சி.சி.யிலோ வைத்துவிடலாம். இன்னொன்று ஜப்பானுக்கோ ஜெர்மனிக்கோ கொரியாவுக்கோ போயாக வேண்டும். அந்தப் பார்சலுக்கு ஆணையத்தின் ஒப்புதல் தேவை. கட்டுரை திருத்தத்துக்கு வந்த பிறகு இதைத் தேடி ஓடுவது வீண் அவஸ்தை. கல்ச்சர் தூய்மையாகிவிட்டது, 16எஸ் வரிசை (பாக்டீரியா இனத்தை அடையாளம் காட்டும் மரபணு வரிசை) புதிதாகத் தெரிகிறது என்ற அன்றே விண்ணப்பத்தைத் தொடங்குவது நல்லது. புதிய இனம் என்றால் அதைத் தெரிவித்து, மாதிரியைச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட இந்தியக் களஞ்சியத்தில் ஒப்படைப்பதும் கட்டாயம். பிரிவு 39 சொல்வது அது.

ஆய்வு முடிவைப் பணத்துக்கோ வேறு வகையிலோ வெளிநாட்டவரிடம் கைமாற்றினால் பிரிவு 4 குறுக்கே வரும். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி கட்டுரை வெளியிடுவதும் கருத்தரங்கில் பேசுவதும் அதில் சேராது. இரு நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் கூட்டு ஆய்வுக்குப் பிரிவு 5 விலக்குத் தருகிறது. ஆனால் அந்தத் திட்டத்தை மத்திய அரசு அங்கீகரித்திருக்க வேண்டும். இரண்டு பேராசிரியர்கள் இ-மெயிலில் பேசிக்கொண்டால் அது கூட்டு ஆய்வு ஆகிவிடாது.

இனி வியாபாரம். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா என்று உயிர் உரமாகவோ பயிர்ப் பாதுகாப்புக்கோ பயன்படும் நுண்ணுயிர்களில் இயற்கையிலிருந்து பிரித்த ரகத்தைப் பாக்கெட் போட்டு விற்க நினைப்பவர் இந்தியராக இருந்தால், மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படியான உரிமம், பூச்சிக்கொல்லிச் சட்டப் பதிவு எல்லாம் தனித்தனி. உயிர்வளத்தை வைத்துச் சம்பாதிப்பதில் ஒரு பங்காகக் கட்டும் பயன் பகிர்வுத் தொகையைக் கண்டு பயப்படத் தேவையில்லை. 2025 விதிமுறைகளின்படி ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர் எதுவும் கட்ட வேண்டாம். அதற்கு மேல் 50 கோடி வரை 0.2 சதவீதம், 250 கோடி வரை 0.4, அதையும் தாண்டினால் 0.6. உள்ளூர் மக்கள், பயிர் செய்பவர்கள், வைத்தியர்கள் ஆகியோருக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. வீட்டுக் கொட்டகையில் காளான் வளர்த்துச் சந்தையில் விற்பவர் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

2024 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம் முக்கியமாக இரண்டை மாற்றியது. முன்பு மீறினால் 5 ஆண்டு வரை சிறை என்று இருந்தது. இப்போது சிறை இல்லை, 1 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீறல் தொடர்ந்தால் மேலும் 1 கோடி வரை போகலாம். சிறையை எடுத்தது பெரிய நிறுவனங்களுக்குச் சாதகம் என்ற விமர்சனம் இருக்கிறது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் படிவம் போடத் தவறிய பேராசிரியரை ஜெயிலுக்கு அனுப்பும் சட்டம் எவருக்கும் பயன்பட்டதில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாவது மாற்றம் காப்புரிமை பற்றியது. இந்தியர் முன்பு ஆணையத்தின் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இப்போது காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் ஆணையத்தில் பதிவு செய்தால் போதும், பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகும்போது அனுமதி வாங்கிக்கொள்ளலாம். இயற்கையில் கிடைத்த பாக்டீரியாவுக்கு அப்படியே காப்புரிமை கிடைக்காது என்பதும் நினைவிருக்கட்டும். அதை வைத்துச் செய்த புதிய முறைக்கோ, மாற்றியமைத்த ரகத்துக்கோதான் கேட்க முடியும்.

காப்புரிமை விண்ணப்பத்தின் முதல் படிவத்திலேயே, இந்தக் கண்டுபிடிப்பு இந்திய உயிரியல் பொருளைப் பயன்படுத்துகிறது, உரிய அனுமதியைத் தருவேன் என்று உறுதி சொல்லும் வரி இருக்கிறது. மூலமும் ஊரும் விண்ணப்பத்தோடு தரும் கண்டுபிடிப்பு விவரணத்தில் எழுதப்பட வேண்டும். நான்கு வருடம் கழித்து அதை நிரப்ப உட்காரும்போது, குளிர்பெட்டியில் உறைந்து கிடக்கும் குழாயின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதிய 'எஸ்-7' மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அதனால் மண் எடுக்கும் அன்றே தேதி, ஊர், நிலம் யாருடையது, ஜி.பி.எஸ். புள்ளி, எந்தச் செடியின் வேரடி என்று கள நோட்டில் எழுதிவிடுங்கள். எஸ்-7 என்றால் எது என்பதையும் அதிலேயே எழுதி வையுங்கள்.