காய்ச்சல் விட்ட அன்றைக்குக் கையைத் தொட்டுப் பாருங்கள்

போன மாரியில், களுவாஞ்சிகுடியில் எங்கள் அடுத்த வீட்டுப் பொடியன் நாலு நாள் டெங்குக் காய்ச்சலில் கிடந்தான். ஐந்தாம் நாள் காலை சூடு இறங்கிவிட்டது. "காய்ச்சல் விட்டுட்டு மனே, இனிப் பயமில்ல" என்று சொல்லிவிட்டு அவன் அம்மா கஞ்சி காய்ச்சப் போனார். நான் அவன் கையைப் பிடித்தேன், விரல்கள் ஐஸ் பெட்டியில் கிடந்த மீன் மாதிரிச் சில்லிட்டு, பிசுபிசுவென்று வேர்த்திருந்தன. நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு வினாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். அவனுக்கு ஐந்து எண்ணியும் வெள்ளையாகவே இருந்தது. உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடித்தோம்.

வைத்தியர்கள் ஷொக் என்பது இதைத்தான். கரண்ட் அடிப்பதும் இல்லை, கெட்ட செய்தி கேட்டுப் பதறுவதும் இல்லை. உறுப்புகளுக்கு வேண்டிய இரத்தமும் அதோடு போகும் ஒட்சிசனும் போய்ச் சேராத நிலை. இரத்தம் நிறையப் போனாலும், மாரடைப்பில் இதயம் இறைக்க முடியாமல் சோர்ந்தாலும், குளவி கொட்டிக் கடும் ஒவ்வாமை வந்தாலும் இது வரலாம். டெங்குவில் வெளியே ஒரு சொட்டு இரத்தம் போகாமலே வரும். இரத்தக் குழாய்களின் சுவர் கசிந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் உள்ளே இறங்கிவிடுகிறது. அந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில்தான் தொடங்குகிறது.

உடம்பு சும்மா இருக்காது. சிறுபோகத்தில் வாய்க்கால் வற்றினால், வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை சில மடைகளை அடைப்பாரே, அதே மாதிரி தோல், குடல், சிறுநீரகம் மூன்றுக்கும் போகும் குழாய்களைச் சுருக்கி, இருக்கிற இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்புகிறது. கை குளிர்வதும் சலம் குறைவதும் நாடி வேகமாக ஓடுவதும் அதனால்தான். மூளைக்கு இரத்தம் போய்க்கொண்டிருப்பதால் ஆள் தெளிவாகவே பேசுவார், அதைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம். பிரஷரும் ஏமாற்றும். 100க்கு 80 என்றால் பரவாயில்லை என்று தோன்றும், ஆனால் இரண்டு எண்ணுக்கும் நடுவே சாதாரணமாக 40 அளவில் இருக்க வேண்டிய இடைவெளி 20க்கு வந்திருக்கிறது. மேல் எண் விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் காரியம் கைமீறிவிடும், பிள்ளைகளில் அது திடீரென்றுதான் விழும். காய்ச்சல் விட்ட பிறகு கை குளிர்ந்தாலோ, விடாமல் சத்தி எடுத்தாலோ, வயிறு கடுமையாக வலித்தாலோ, ஆறு மணித்தியாலம் சலம் போகாமல் இருந்தாலோ, இளநீர் கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அங்கே சேலைன் ஏற்றுவதிலும் கணக்கு இருக்கிறது. கசிவு 24 முதல் 48 மணித்தியாலத்தில் நின்று, வெளியே இறங்கிய நீர் திரும்பவும் இரத்தத்துக்குள் வரும். முதலில் அளவில்லாமல் ஏற்றியிருந்தால் அந்த நேரத்தில் நுரையீரலில் நீர் கட்டிவிடும். அதனால்தான் வாட்டில் அவன் அம்மாவின் கையில் அளவுக் குவளை ஒன்றைக் கொடுத்து, போகிற சலத்தை அளந்து எழுதச் சொன்னார்கள். முதல் நாள் குவளையின் அடியில் கொஞ்சம்தான் நின்றது. மூன்றாம் நாள் விடியற்காலை அது நிறைந்ததைத் தூக்கிக்கொண்டு, தாதியிடம் காட்ட அவர் ஓடினார்.