டேபிளைத் திறக்காமலே டேபிளைப் படிப்பது

பழகிப் பார்ப்பதற்கென்று தரவுத்தள மென்பொருள் நிறுவனமான ஆரக்கிள் தரும் எச்ஆர் (மனிதவள) மாதிரித் தரவுத்தளத்தில் ‘எம்ப்ளாயீஸ்’ என்றொரு டேபிள் (அட்டவணை) உண்டு. 11 நெடுவரிசைகள், 107 ஊழியர்கள். இன்ஃபர்மேட்டிகா, டேலண்ட் போன்ற தரவு ஒருங்கிணைப்புக் கருவியில் ‘இம்போர்ட்’ கொடுத்து இதைத் தேர்ந்தெடுத்தால், 11 நெடுவரிசைகளும் அவற்றின் வகைகளோடு திரையில் வந்து நிற்கும். ஆனால் அந்த 107 பேரில் ஒருவர்கூட வந்திருக்க மாட்டார். கருவி அந்த டேபிளைத் தொடவே இல்லை.

சரி, எதைப் படித்தது? தரவுத்தளம் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்புகளை. அட்டவணை வடிவத் தரவுத்தளங்களுக்கு அடித்தளமிட்ட எட்கர் காட் 1985இல் வகுத்த விதிகளில் நான்காவது இதைத்தான் கேட்கிறது: தரவுத்தளத்தின் அமைப்பு விவரமும் சாதாரணத் தரவைப் போலவே இருக்க வேண்டும், அதே மொழியில் கேட்டுப் பெற முடிய வேண்டும். அதன்படி ஆரக்கிளின் ‘ஆல்_டேப்_காலம்ஸ்’ என்ற வியூவில் (டேபிளைப் போலவே கேட்டுப் படிக்கக்கூடிய காட்சி) ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு வரி இருக்கிறது. சாலரியா? எண், மொத்தம் 8 இலக்கம், அதில் தசமத்துக்கு 2. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற வேறு இரண்டு தரவுத்தளங்களிலும் இந்த வேலைக்கு ‘இன்ஃபர்மேஷன் ஸ்கீமா’. இந்த வேறுபாடுகளை, கருவியைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவர் பார்த்துக்கொள்ளும். கருவி கேட்கிற கேள்வி எங்கும் ஒன்றுதான்.

தேடும் டேபிள் பட்டியலிலேயே இல்லையா? கருவியைத் திட்டாதீர்கள். அந்த வியூ, உங்கள் பயனர் கணக்குக்கு அனுமதி உள்ளவற்றை மட்டுமே காட்டும்.

உண்மையான தலைவலி வகைகளை மாற்றும்போதுதான். ஆரக்கிளின் ‘டேட்’ வகையில் மணி, நிமிடம், நொடியும் உண்டு. கருவி அதை வெறும் தேதியாக எடுத்துக்கொண்டால் அவை போயே போச்சு.

நம்மூர்ப் பெயர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. முதற்பெயர் நெடுவரிசையின் நீளம் 20. இருபது என்ன? ஆரக்கிளில் நாமாக மாற்றாதவரை அது எழுத்து அல்ல, பைட், அதாவது சேமிப்பிட அளவு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். ‘செந்தமிழ்ச்செல்வி’ என்பதை எண்ணிப் பாருங்கள்: 17 குறியீடுகள், 51 பைட்டுகள். இருபதை எழுத்துக் கணக்காக எடுத்துக்கொண்ட கருவி 17தானே என்று விட்டுவிடும். அப்புறம் டேபிளில் ஏற்றும் நேரத்தில் ஆரக்கிள் 12899 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பும். இறக்குமதியில் எந்தக் குறையும் தெரிந்திருக்காது.

இன்னொன்று, இறக்குமதி ஆனது அன்றைய நிலையின் படம் மட்டுமே. நாளை யாராவது சாலரியை 10 இலக்கமாக்கினால், கருவியிடம் இருப்பது பழைய 8தான். மறுபடி இறக்குமதி செய்யலாம். ஆனால் கருவியையும் நாம் தேர்ந்தெடுக்கும் வழியையும் பொறுத்து, கையால் திருத்தி வைத்த வகைகளும் அதோடு அழியலாம். அதனால் அந்தப் பொத்தானைத் தொடுமுன் பழைய வரையறையை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறேன்.