மறுபேச்சில்லாமல் அட்வான்ஸ் கொடுத்தவர்

வியாசர்பாடியில் மாடியில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கும் ஓர் அம்மா போன வருடம் என் ஆபீசுக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து முத்திரைத்தாளில் அடித்த வாடகை ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். பெயரும் தொகையும் நிரப்பியிருந்தது. நிரந்தர முகவரி என்ற இடம் காலி.

"பத்து மாச அட்வான்ஸையும் அன்னிக்கே எண்ணி வச்சுட்டாரு சார். வாடகையைக் குறைங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. நல்ல மனுஷன்னுதானே நினைப்போம்?"

இரண்டு மாதம் வாடகை ஒழுங்காக வந்திருக்கிறது. மூன்றாவது மாதம் அந்த நல்ல மனுஷன் வீட்டில் இல்லை. முன்பின் தெரியாத எட்டுப் பையன்கள் இருந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று வசூல் செய்துகொண்டு அவர் வேறெங்கோ இருந்தார். போன் செய்தால் "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்கம்மா" என்று பதில். அட்வான்ஸ் தீர்ந்த பிறகுதான் அம்மா வக்கீலைத் தேடினார். பெரும்பாலும் எல்லோரும் அப்போதுதான் தேடுகிறார்கள்.

வடசென்னையில் புளியந்தோப்பு, காசிமேடு, கொருக்குப்பேட்டை பக்கம் வீட்டு வாடகை வழக்குகளைப் பார்க்கிறவன் நான். வருகிற ஓனர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஏரியா இப்படி இருக்கு, நம்பி யாரை சார் வைக்கிறது?" ஏரியா பெயரைச் சொன்னாலே கடன் கொடுக்க யோசிக்கும் ஊர் இது. அந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒன்றை ஞாபகப்படுத்துவேன். 2012 பிப்ரவரியில் வங்கிக் கொள்ளை வழக்கில் தேடப்பட்ட ஐந்து பேர் போலீஸ் என்கவுன்டரில் இறந்தது தென்சென்னையில், வேளச்சேரியில், ஒரு வாடகை வீட்டில். வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னை ஓனர்களுக்கு உத்தரவு வந்ததே அதற்குப் பிறகுதான். பயந்து பேசும் நம் தெருக்கள் எதிலும் அது நடக்கவில்லை.

நான் சொல்லும் முதல் வேலை, வருகிறவர் இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு நடை போய்வருவது. போன் போதாது, நேரில் போக வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆளைக் கிளப்பினால் போதும் என்றிருக்கும் ஓனர் "தங்கமான ஃபேமிலி" என்று சர்டிபிகேட் கொடுத்துவிடுவார். அதனால் முடிந்தால் அதற்கு முந்தைய ஓனரையும் பாருங்கள், அவருக்கு மறைக்க ஒன்றும் இல்லை. "ஆள் எப்படி?" என்று கேட்காதீர்கள். கடைசி மாத வாடகையைக் கையில் கொடுத்தார்களா, அட்வான்ஸில் கழித்தார்களா? காலி செய்கிறோம் என்று எத்தனை நாள் முன்பு சொன்னார்கள்? ஈபி பாக்கி வைத்தார்களா? இதற்கெல்லாம் வரும் பதிலில் ஆள் தெரிந்துவிடுவார். தெருமுனை மளிகைக் கடையில் கணக்கு எப்படி என்றும் விசாரிக்கலாம். கடன் சொல்லி வாங்குவது குற்றமில்லை. சொன்ன தேதிக்கு அடைக்கிறார்களா என்பதுதான் விஷயம்.

அடுத்தது வருமானம். சம்பளச் சீட்டு இருந்தால்தான் வீடு என்று அடம்பிடித்தால் வடசென்னையில் பாதிப் பேருக்கு வீடு கிடைக்காது. லோடு ஏற்றுபவர், ஆட்டோ ஓட்டுபவர், மீன் வெட்டிக் கொடுக்கும் அக்கா, யாரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது? அதனால் எவ்வளவு வருகிறது என்பதோடு எப்போது வருகிறது, எப்போது வராது என்பதையும் கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் ஓனரிடம் காசிமேட்டில் விசைப்படகில் வேலை செய்யும் ஒருவர் மனைவியோடு வீடு கேட்டு வந்தார். பேச்சு முடியும்போது அந்தப் பெண் தானாகவே சொன்னார்: "ஏப்ரல் பதினஞ்சுல இருந்து ரெண்டு மாசம் கடலுக்குப் போக முடியாது சார். அந்த நேரத்துல வாடகை முன்னப்பின்ன ஆகும். இப்பவே சொல்லிடுறேன்." மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஜூன் 14 வரை. கேட்டதும் ஓனருக்கு முகம் மாறிவிட்டது. நான் அந்தக் குடும்பத்துக்கே வீட்டைக் கொடுக்கச் சொன்னேன். வராத மாதத்தை வருவதற்கு முன்பே சொல்கிறவரிடம் எதையும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அந்தப் பெண் ஒரு சின்ன நோட்டையும் காட்டினார், சீட்டுக் கட்டிய கணக்கு. மூன்று வருடத்தில் தாமதமான தவணை இரண்டு, இரண்டுமே மே மாதம். எந்த பேங்க் ஸ்டேட்மென்டும் அவ்வளவு சொல்லாது. தடைக்கால வாடகையை ஜூலையிலிருந்து நான்கு மாதத்தில் பிரித்துக் கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக்கொண்டோம்.

காவல் நிலையத்துக்கான படிவத்தை அவசியம் கொடுங்கள். தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் கட்டணம் கட்டிச் சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்கலாம். ஆதார் நகலை வாங்கும்போது அசலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். "இதெல்லாம் எதுக்கு சார், நம்ம ஆளுதானே" என்று இழுக்கிறவரிடம் நீங்களும் இழுத்தடிக்கலாம், தப்பில்லை. அப்புறம், பழைய வழக்கு ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவுடன் கதவைச் சாத்த வேண்டாம் என்பது என் கருத்து. எஃப்ஐஆர் போட்டதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. என்ன வழக்கு, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் நேராகப் பதில் சொல்வார்கள்.

சாதி, மதம் கேட்பது, சைவமா அசைவமா என்று சுற்றி வளைத்து அதையே கேட்பது, பேச்சிலர் என்றால் வாசலிலேயே அனுப்புவது, இவை எதுவும் வாடகையை வாங்கித் தராது. நான் நடத்திய வழக்குகளில் மோசமான பாக்கி வைத்த மூன்று பேரும் "நம்ம ஆளுங்க" என்று ஓனர் தேடிப்பிடித்து வைத்தவர்கள்.

ஒப்பந்தம் பற்றிக் கொஞ்சம். 2017-இல் இயற்றிய தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். அதற்கு அரசு இணையதளம் இருக்கிறது. 11 மாதத்துக்கு எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டுவதோடு நம் ஆட்களுக்கு வேலை முடிந்துவிடுகிறது. அட்வான்ஸுக்குச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை, ஊர் வழக்கம் பத்து மாதம். அட்வான்ஸ் பெரிதாக இருந்தால் பாதுகாப்பு என்று ஓனர்கள் நினைக்கிறார்கள். வியாசர்பாடி அம்மாவின் கதையைப் பாருங்கள், அந்தப் பெரிய அட்வான்ஸ்தான் அவரைப் பல மாதம் பேசாமல் உட்கார வைத்தது. வாடகை நின்ற இரண்டாவது மாதமே எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருந்தால் வழக்கு எவ்வளவோ எளிதாகியிருக்கும். ஓனரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதையும் இந்தச் சட்டம் தடுக்கிறது. ஆத்திரத்தில் கரன்ட்டையோ தண்ணீரையோ மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அதையும் சட்டம் தடுக்கிறது, உங்கள் பக்கம் இருந்த நியாயம் அன்றோடு போய்விடும்.

இன்னொன்று, ஓனர்களுக்குப் பிடிக்காது. நாலு நல்ல குடும்பம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போன வீட்டுக்குத்தான் ஐந்தாவதாக மறுபேச்சு பேசாத ஆள் வருகிறார். வியாசர்பாடி வீட்டை நான் போய்ப் பார்த்தேன். பாத்ரூம் தாழ்ப்பாள் கழன்று தொங்கியது. மாடிப்படியில் விளக்கே இல்லை. அந்த அம்மாவிடம் சொன்னதற்கு, "வர்றவங்க போட்டுக்குவாங்க சார்" என்றார்.

காசிமேட்டுக் குடும்பத்துப் பெண் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பு கேட்டது அதைத்தான். அவருடைய மகள் பத்தாம் வகுப்பு, டியூஷன் முடிந்து வர எட்டரை ஆகிவிடும். "படிக்கட்டுல லைட் எரியுமா சார்?" ஓனர் என்னைப் பார்த்தார். மறுநாள் எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி, தன் மீட்டரிலிருந்தே ஒயர் இழுத்து ஒரு பல்பு மாட்டினார்.