தைமஸைச் சுருக்கும் வெள்ளீயம்

ஈயச் சொம்பில் ரசம் வைக்கிற வீடுகள் திருநெல்வேலிப் பக்கம் இன்னும் உண்டு. காரீயம் கலக்காத வெள்ளீயச் சொம்பு என்றால் பயமில்லை. அந்த உலோகம் குடலில் மிகக் கொஞ்சமே ஏறும். அதே வெள்ளீய அணுவோடு கரிமச் சங்கிலிகள் இரண்டோ மூன்றோ ஒட்டிவிட்டால் கதை வேறு. அது கொழுப்பில் கரைந்து செல்லுக்குள் புகுந்துவிடும். மூன்று சங்கிலி கொண்ட ட்ரைபியூட்டைல்டின், கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் பிடிக்காமலிருக்க 1960கள் முதல் பெயின்டில் கலக்கப்பட்டது. இரண்டு சங்கிலி கொண்டவை பிவிசி பிளாஸ்டிக் சூட்டில் கெடாமலிருக்கச் சேர்க்கப்படுபவை.

1976இல் சைனன், வில்லெம்ஸ் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் இரண்டு சங்கிலி வகையான டைஆக்டைல்டின்னை எலிகளின் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். எலிகளின் தைமஸ் என்ற நோய் எதிர்ப்பு உறுப்பு சுருங்கிப் போனது. மன அழுத்தத்தாலும் தைமஸ் சுருங்கும் என்பதால், அழுத்த ஹார்மோன் சுரக்கும் அட்ரினல் சுரப்பியை நீக்கிய எலிகளிலும் பார்த்தார்கள். அவற்றிலும் சுருங்கியது. ஆக, நச்சு நேராகவே தாக்குகிறது.

தைமஸ் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்கள் அங்கே பெருகும். சொந்த உடலையே தாக்கக்கூடியவை கழிக்கப்படும். மிஞ்சும் சில சதவீதம்தான் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களாக ரத்தத்தில் இறங்கும். பிசான நெல் சாகுபடிக்குத் தாமிரபரணிக் கரையில் நாற்றங்கால் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த நச்சு நட்ட வயலை அவ்வளவாகத் தொடாது, நாற்றைத்தான் பிடிக்கும். வேகமாகப் பிரியும் இளம் செல்களின் என்சைம்களில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கந்தக முனைகளை அது பற்றிக்கொள்கிறது. சர்க்கரையிலிருந்து ஆற்றல் எடுக்கும் வேலை தடைபட, செல் பிரிவது நின்றுவிடுகிறது. ட்ரைபியூட்டைல்டின்னும் இதே வழிக்குத்தான் வருகிறது: கல்லீரல் ஒரு சங்கிலியைக் கழற்றி அதை டைபியூட்டைல்டின் ஆக்கிவிடும்.

ஒரே ஒரு வேளை கொடுத்த எலிக்கு நான்காம் நாள் வாக்கில் தைமஸ் மிகச் சிறுத்து, அப்புறம் பழையபடி வளர்ந்துவிடுகிறது. தொடர்ந்து கொடுக்கும்வரை மீள வழியில்லை. வளரும் பருவத்தில் கொடுத்த எலிகளுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம் குறைந்தது. ஒட்டவைத்த வேற்றுத் தோலைக்கூட அவற்றின் உடல் தாமதமாகவே தள்ளியது. சுண்டெலிக்குத் தீவனத்தில் கொடுத்தபோது தைமஸ் இப்படிச் சுருங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எலிக்கு நடந்ததெல்லாம் மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று கொள்ள முடியாது.

கப்பல் பெயின்டில் ட்ரைபியூட்டைல்டின்னைச் சேர்ப்பதற்கு 2008 முதல் உலக அளவில் தடை இருக்கிறது. ஆனால் துறைமுகச் சேற்றில் படிந்தது பல ஆண்டுகள் கிடக்கும். சிப்பியும் சங்கும் அதை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். தூத்துக்குடியிலிருந்து உவரி வரை கடலையே நம்பியிருக்கும் நமக்கு, துறைமுகச் சேற்றையும் சிப்பியையும் தவறாமல் சோதிப்பது மிக அவசியம் என்று நினைக்கிறேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2004இல் நோய் எதிர்ப்புப் பாதிப்பை வைத்தே இவ்வகை வெள்ளீயச் சேர்மங்களுக்கு வரம்பு வகுத்தது: நாளொன்றுக்கு உடல் எடை கிலோவுக்கு 0.25 மைக்ரோகிராம். பத்துக் கிலோ குழந்தைக்கு அது 2.5 மைக்ரோகிராம்தான்.