டாப்பெட் சத்தத்தை இறுக்கி அடக்காதீர்கள்

சென்ற வாரம் எங்கள் பட்டறையில் எஞ்சினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட் இன்னுமொன்றைக் கழற்ற வேண்டியதாயிற்று. உணவு விநியோகம் செய்யும் இளைஞர் ஒருவரின் 125 சி.சி. வண்டி அது. காலையில் ஒரே உதையில் கிளம்புகிறது, மதியம் சூடேறிய பிறகு சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது, அதன்பின் எவ்வளவு உதைத்தாலும் கிளம்புவதில்லை என்பது அவருடைய புகார். சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவான கம்ப்ரஷன் மிகவும் குறைந்திருந்தது. ஹெட்டைத் திறந்தபோது, எரிந்த வாயுவை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு ஓரிடத்தில் கருகி அரித்துப் போயிருந்தது. விசாரித்தால், சில மாதங்களுக்கு முன்பு டாப்பெட் சத்தம், அதாவது வால்வைத் திறக்கும் பகுதியிலிருந்து எழும் ஓசை, கேட்கிறது என்று வேறொரு இடத்தில் வண்டியைக் காட்டியிருக்கிறார். அவர்களும் சத்தமே கேட்காதபடி இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். சத்தம் நின்றதும் வேலை நன்றாக முடிந்தது என்று நம்பிப் பணம் கொடுத்து வந்திருக்கிறார். இப்போது புது வால்வு, வால்வு உட்காரும் சீட்டை வெட்டும் கூலி, கேஸ்கட், இவற்றோடு வண்டி ஓடாத நாட்களின் வருமான இழப்பும் அவர் தலையில் விழுந்திருக்கிறது. சில நிமிடங்களில் சரியாகச் செய்திருக்க வேண்டிய வேலைக்கு அவர் கொடுத்த விலை இது.

இதே கதையுடன் வண்டிகள் வந்துகொண்டே இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். டாப்பெட் சத்தம் என்பது நோய், சத்தம் நின்றால் நோய் தீர்ந்தது என்ற எண்ணம் வண்டி ஓட்டுபவர்களிடம் மட்டுமல்லாமல் தொழில் செய்பவர்கள் சிலரிடமும் வேரூன்றியிருக்கிறது. அது முற்றிலும் தவறு. வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்மின் முனையிலுள்ள திருகுக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தே தீர வேண்டும் என்று எஞ்சினை வடிவமைத்தவர்களே அளவு குறித்திருக்கிறார்கள். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான 100, 125, 150 சி.சி. வண்டிகளுக்கு அது ஏறக்குறைய 0.05 மி.மீ. முதல் 0.15 மி.மீ. வரைக்குள் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமனை ஒட்டிய அளவுதான். அந்த இடைவெளி இருக்கும்வரை, எஞ்சின் ஓடும்போது மெல்லிய 'டிக் டிக்' ஓசை எழத்தான் செய்யும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களில் அது சற்றுக் கூடுதலாகக் கேட்பதும் இயல்பே. காதை டாங்கிக்கு அருகில் வைத்தால் மட்டும் கேட்கும் ஓசையைக் குறையாக எண்ணி, ஸ்பேனர் எடுக்கச் சொல்லாதீர்கள்.

இடைவெளி எதற்காக என்றால், எஞ்சின் சூடேறும்போது வால்வுத் தண்டு நீள்கிறது. பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வுக்கு அந்தக் குளிர்ந்த கலவையே ஓரளவு ஆறுதல் தருகிறது. எக்ஸாஸ்ட் வால்வுக்கு அந்த வசதி இல்லை. எரிந்து வெளியேறும் வாயு முழுவதும் அதைத் தழுவிக்கொண்டு போவதால், அதன் தலைப்பகுதி 600 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அந்தச் சூட்டில் பெரும்பகுதியை அது இறக்கி வைப்பது, மூடிய நிலையில் சீட்டின்மீது அழுந்தி உட்காரும் நேரத்தில்தான். இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிட்டால், நீண்ட தண்டு ராக்கரில் முட்டிக்கொண்டு வால்வை முழுதாக மூடவிடாது. சூடு இறங்க வழியில்லாமல் போகிறது, சந்து வழியே நெருப்புப் போன்ற வாயு கசிகிறது, விளிம்பு கருகுகிறது. குளிர்ந்திருக்கும்போது கிளம்பும் வண்டி சூட்டில் படுத்துக்கொள்வதற்கும் காரணம் இதுவே.

இதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. தேய்ந்தால் எல்லாம் தளரும், தளர்ந்தால் சத்தம் வரும் என்றே நாம் கணக்குப் போடுகிறோம். ராக்கரை அசைக்கும் கேமும் ராக்கரும் தேய்ந்தால் இடைவெளி கூடும் என்பது உண்மைதான். ஆனால் வால்வின் முகமும் சீட்டும் தேயும்போது, வால்வு சிறிது சிறிதாக ஹெட்டுக்குள் மேலேறி உட்கார்கிறது. அதன் தண்டு ராக்கரை நெருங்குவதால், யாரும் கை வைக்காமலேயே இடைவெளி குறைந்துகொண்டு வரும். ஆகவே நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி ஒரு சிறு ஓசையும் இல்லாமல் பட்டுப்போல ஓடினால் பெருமைப்படுவதற்கு முன், டாப்பெட் இடைவெளியை அளந்து பாருங்கள். தளர்ந்த டாப்பெட் ஓசையால் உங்களை எச்சரிக்கும், கொஞ்சம் இழுவை குறையும், உறுப்புகளும் விரைவாகத் தேயும். இறுகிய டாப்பெட்டோ எந்த எச்சரிக்கையும் தராமல் வால்வைத் தின்றுவிடும்.

தலைப்பகுதியிலிருந்து வரும் எல்லாச் சத்தமும் டாப்பெட் சத்தம் அல்ல. கேமைச் சுற்றும் கேம் செயின் தளர்ந்தாலோ, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்தாலோ வருவது கரகரத்த உராய்வுச் சத்தம். சைலன்சர் குழாய் ஹெட்டுடன் சேருமிடத்தில் கேஸ்கட் போயிருந்தால், ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது டாப்பெட் போலவே 'டிக் டிக்' என்று கேட்கும். இவற்றைப் பிரித்தறியாமல் டாப்பெட் திருகை இறுக்கிக்கொண்டே போவதும், சத்தத்தை மூட அடர்த்தி கூடிய ஆயிலை ஊற்றுவதும் வேலை ஆகாது.

அடுத்த சிக்கல் அவசரம். இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்து வண்டியை நிறுத்திவிட்டு, "டாப்பெட் மட்டும் பார்த்துக் கொடுங்கள், நான் இங்கேயே நிற்கிறேன்" என்பார்கள். டாப்பெட்டைக் குளிர்ந்த எஞ்சினில்தான் அளக்க வேண்டும். 35 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கையேடுகள் சொல்வது வழக்கம். நம் கோடையில் நண்பகல் நிழலே அதைத் தாண்டிவிடும். தொட்டால் சுடவில்லை என்பது குளிர்ந்ததற்கு அடையாளம் ஆகாது. முந்தைய நாள் மாலையே வண்டியை விட்டுச் சென்றால் மறுநாள் காலையில் முதல் வேலையாகச் செய்து கொடுக்க முடியும். மாலையில் விட முடியாதவர்கள், சுடும் எஞ்சினில் செய்யச் சொல்லி வற்புறுத்தாமலாவது இருங்கள். தொழில் செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் நிற்கிறாரே என்று சூட்டோடு திறக்காதீர்கள், விரலால் ஆட்டிப் பார்த்து அளவு சொல்லாதீர்கள். எத்தனை ஆண்டுக் கை ஆனாலும் 0.05 மி.மீட்டருக்கும் 0.10 மி.மீட்டருக்கும் உள்ள வேறுபாட்டை விரல் உறுதியாகச் சொல்லாது. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பான ஃபீலர் கேஜ் விலை அதிகமான கருவியும் அல்ல.

வீட்டிலேயே செய்யத் துணிபவர்கள் முதலில் தங்கள் வண்டி எந்த வகை என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ராக்கரில் இடைவெளியை மாற்றும் திருகும், அதை நகராமல் பிடிக்கும் லாக் நட்டும் உள்ள எஞ்சின் என்றால் முயலலாம். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் ஃபீலர் கேஜுக்கே வேலையில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில், ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ் ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அதற்குப் பின் வந்த யூ.சி.இ. (எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றாக அமைந்த) எஞ்சின் புல்லட்டுகளில் ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் இருப்பதால் சரிசெய்யவே ஒன்றுமில்லை. கே.டி.எம். டியூக் 390 போன்ற இரட்டைக் கேம் வண்டிகளில் ஷிம் எனும் சிறு தகட்டை மாற்றித்தான் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். காணொளி பார்த்துவிட்டு அதில் கை வைக்காதீர்கள்.

திருகு வகையில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது எளிது. மேக்னட் கவரிலுள்ள சிறு மூடிகளைத் திறந்து, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் ஃப்ளைவீலின் 'டி' குறி கவரிலுள்ள வெட்டுக்கு நேராக வரும்வரை எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். அருகிலேயே 'எஃப்' குறியும் இருக்கும். அது பற்றவைப்பு நேரத்துக்கானது, இந்த வேலைக்கு உரியது அல்ல. 'டி' குறி நேராக வந்துவிட்டது என்று உடனே அளக்கவும் கூடாது. கேம் ஒரு முறை சுற்றுவதற்குள் ஃப்ளைவீல் இரண்டு முறை சுற்றிவிடுவதால், அந்தக் குறி கம்ப்ரஷன் முடிவிலும் வரும், எக்ஸாஸ்ட் முடிவிலும் வரும். இரண்டு ராக்கர்களும் லேசாக ஆடினால் அது சரியான நிலை. ஆடாமல் விறைப்பாக இருந்தால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். இந்த ஒரு சோதனையைத் தவிர்ப்பதால் நேரும் பிழைகளை எங்கள் பட்டறையில் அடிக்கடி பார்க்கிறோம். தவறான நிலையில் அளவு வைத்துவிட்டு, கிளப்பியதும் தகரத்தைத் தட்டுவது போல் சத்தம் வருகிறதே என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.

கையேட்டில் உள்ள அளவுத் தகடு லேசான பிடிப்போடு நுழைந்து வெளியே வர வேண்டும், அடுத்த தடித்த தகடு நுழையக் கூடாது. திருகைப் பிடித்தபடியே லாக் நட்டை இறுக்குங்கள். அப்படி இறுக்கும்போதே அளவு மாறிவிடும் என்பதால், இறுக்கிய பின் மீண்டும் அளக்காத வேலை பாதி வேலைதான். எஞ்சினை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி இன்னொரு முறையும் அளந்துவிடுங்கள். இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் அளவு வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். ஐயம் வந்தால், கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் எக்ஸாஸ்ட்டைத் தளர்ந்த பக்கமே வைப்பது என் வழக்கம். மூடிகளின் ஓ-ரிங் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் ஹெட் முழுவதும் ஆயில் வழியும்.

பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த வண்டிக்கு இதெல்லாம் தேவையில்லை என்று ஒரு பேச்சு இப்போது பரவியிருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய் ஃப்யூல் இன்ஜெக்ஷன் வந்தது. வால்வு எங்கும் போகவில்லை. உங்கள் வண்டியோடு வந்த கையேட்டைப் பிரித்து, பராமரிப்பு அட்டவணையில் வால்வு இடைவெளி எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். அந்த வரியை யாருமே படிப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

இந்த இறுக்கும் பழக்கம் வால்வோடு நிற்பதில்லை. செயின் தொங்கக் கூடாது என்று கம்பிபோல இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். ஆள் ஏறி உட்கார்ந்து பள்ளத்தில் விழும்போது பின்சக்கரம் மேலேறிச் செயினை இன்னும் இழுக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட் தண்டின் பேரிங் போவது அப்படித்தான். பல வண்டிகளுக்குச் செயினின் நடுவில் 20 முதல் 30 மி.மீ. வரை ஆட்டம் வேண்டும். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுகலாக இருக்கும் இடத்தில் அதை அளக்க வேண்டும். கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை ஆட்டம் இல்லையென்றால், கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே ஓடித் தகடுகள் எரிந்துபோகும். பின் டிரம் பிரேக்கின் பெடலுக்கும் ஆட்டம் வேண்டும். மிதித்தவுடன் பிடிக்கட்டும் என்று இறுக்கினால், மிதிக்காதபோதும் உரசிக்கொண்டு டிரம்மைச் சுட வைக்கும். மைலேஜ் குறைகிறது என்று வருபவர்களின் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். ஆயில் இறக்கும் போல்ட்டையும் முழுப் பலத்தோடு இறுக்காதீர்கள், அலுமினியத்தின் மரை போனால் செலவு வேறு.

ஆயில் பற்றி இரண்டே சொற்கள். கியர் வண்டியின் கிளட்ச் ஆயிலிலேயே நனைந்து ஓடுவதால், டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற தரக்குறி இருக்க வேண்டும். மிச்சம் இருக்கிறதே என்று காருக்கு வாங்கிய ஆயிலை ஊற்றாதீர்கள். இந்தச் சிறு எஞ்சின்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயிலே இருக்கிறது. அதில் கால் பங்கு குறைந்தாலும் முதலில் வாடுவது மேலே இருக்கும் கேமும் ராக்கரும்தான். எனவே மாற்றும் நாளுக்காகக் காத்திராமல், இரு வாரங்களுக்கு ஒருமுறை வண்டியை நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி அளவு பாருங்கள். காகித ஏர் ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவ வேண்டாம். எண்ணெய் தோய்ந்த வகைக் காகித ஃபில்டர் என்றால் காற்றடித்துச் சுத்தம் செய்யவும் கூடாது, உரிய கிலோமீட்டர் வந்ததும் மாற்றிவிடுங்கள்.

அடுத்த முறை டாப்பெட் பார்க்கக் கொடுக்கும்போது, சத்தம் நின்றதா என்று கேட்காதீர்கள். இன்லெட் எவ்வளவு இருந்தது, எக்ஸாஸ்ட் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு, அந்த எண்களைக் கிலோமீட்டரோடு சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். எக்ஸாஸ்ட் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வருவது அந்தப் பக்கத்தில் தெரிந்தால், ஹெட்டை எப்போது திறக்க வேண்டும் என்று வண்டி நடுவழியில் நிற்பதற்கு முன்பே நாங்கள் சொல்லிவிடுவோம்.