எஸ்எம்பிஎஸ் – மின்வழங்கி

கணினிக் கடையில் ‘எஸ்எம்பிஎஸ்’ என்று கேட்டால் கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும், விசிறி பொருத்திய ஓர் இரும்புப் பெட்டியை எடுத்து வைப்பார்கள். நான்கு ஆங்கில எழுத்துகளின் கூட்டு நம்மிடையே தனிச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. அதன் விரிவு ‘ஸ்விட்ச்டு மோட் பவர் சப்ளை’.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் பகுதி ‘ஸ்விட்ச்’. அது பெட்டியின் பின்புறத்துப் பொத்தானைக் குறிப்பதில்லை. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை முழுதாகத் திறந்தும் முழுதாக மூடியும் மின்சாரத்தை நறுக்குகின்றன. அந்த நிலைமாற்றத்தையே பெயர் சொல்கிறது. அதற்கு முந்தைய வகைகள் மிகுதியான மின்னழுத்தத்தை வெப்பமாக எரித்துக் கழித்தன. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்சிலேயே இயங்கியதால் கனத்த மின்மாற்றியும் தேவைப்பட்டது. அதிர்வெண் கூடினால் மின்மாற்றி சிறுத்துவிடும். 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினிக்கு பொறியாளர் ராட் ஹோல்ட் நிலைமாற்றும் வகையைத்தான் வடிவமைத்தார்.

‘சப்ளை’ லத்தீன் வழிச் சொல். நிரப்புதல், குறைவதை ஈடுசெய்தல் என்பது அதன் வேர்ப்பொருள்.

தமிழில் ‘மின்வழங்கி’ என்பதே பொருத்தம். ‘மின் விநியோகம்’ வேண்டாம். அது மின்வாரியம் ஊருக்குச் செய்யும் வேலை. ‘வழங்கி’ என்று மட்டும் சொன்னால், இணையத் தமிழில் சர்வர் என்ற பொருள் முன்பே வேரூன்றியிருப்பதால், ‘மின்’ கட்டாயம் முன்னே வர வேண்டும். முழுப்பெயர் தேவைப்படும் இடத்தில் ‘நிலைமாற்று மின்வழங்கி’ எனலாம். ‘பவர்’ என்பதற்குத் தமிழகப் பாடநூல்கள் ‘திறன்’ என்றும், இலங்கைப் பாடநூல்கள் ‘வலு’ என்றும் எழுதுகின்றன. இரண்டும் நல்ல சொற்களே.

வழங்குதல் என்பது கேட்டவருக்குக் கேட்ட அளவு கொடுப்பது. இந்தக் கருவியும் அப்படித்தான் இயங்குகிறது. 750 வாட் மின்வழங்கி கணினிக்குள் 750 வாட்டைத் திணிப்பதில்லை. பாகங்கள் இழுப்பதை மட்டுமே தருகிறது. பெரிய எண் கணினியின் தாய்ப்பலகையை எரித்துவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. அஞ்ச வேண்டியது, கேட்கும்போது தர முடியாமல் தடுமாறும் பெட்டியைத்தான்.

ஓவர்கிளாக்கிங், அதாவது செயலியை அதன் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, இந்தக் கேட்பைக் கடுமையாக உயர்த்துகிறது. செயலியின் மின்செலவு பெரும்பாலும் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) நேர்விகிதத்திலும் கூடும். 4 கிகாஹெர்ட்சை 4.6 ஆக்கி, அதற்காக 1.2 வோல்ட்டை 1.35 ஆக உயர்த்தினால், வேகம் 15 விழுக்காடுதான் கூடுகிறது. செலவோ ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுகிறது. 125 வாட் செயலி 180 வாட் கேட்கும். வரைகலை அட்டைக்கு 250, மற்றவற்றுக்கு 60 என்று வைத்தால் மொத்தம் 490 வாட். வரைகலை அட்டைகள் கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவாகத் திடீரென்று மிகுதியாக இழுக்கும் என்பதால், இதற்கு 650 வாட் மின்வழங்கி வாங்குவதே என் பரிந்துரை.

ஆனால் மின்வழங்கியின் அட்டைப்பெட்டி மேல் பெரிதாக அச்சிட்ட வாட்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். செயலியும் வரைகலை அட்டையும் பெரும்பாலும் 12 வோல்ட் தடத்திலிருந்தே, அதாவது மின்வழங்கி 12 வோல்ட் தரும் வழியிலிருந்தே, உண்கின்றன. பக்கவாட்டு ஒட்டுச்சீட்டில் அந்தத் தடத்தின் ஆம்பியரைப் பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 50 ஆம்பியர் என்றால் 600 வாட், நல்லது. 30 ஆம்பியர் என்றால் 360 வாட்தான், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும்.

நிலைத்தன்மையும் வேண்டும். கணினி மின்வழங்கிகளுக்கான ஏடிஎக்ஸ் தரவரையறையின் 2.x பதிப்புகள்படி 12 வோல்ட் தடம் 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். அதன் சிற்றலை, அதாவது மின்னழுத்தத்தின் விரைவான சிறு ஏற்ற இறக்கம், 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஓவர்கிளாக் செய்த செயலி தன் எல்லையின் விளிம்பில் ஓடுவதால், வேறு கணினி பொறுத்துக்கொள்ளும் சலனம் இங்கே திடீர் மறுதொடக்கமாக வெளிப்படும். ‘80 பிளஸ் கோல்டு’ முத்திரை இந்த நிலைத்தன்மைக்குச் சான்றாகாது. அது சொல்வது, சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எத்தனை விழுக்காடு வீணாகாமல் உள்ளே சேர்கிறது என்பதை மட்டுமே. தடத்தின் மின்னழுத்தமும் சிற்றலையும் அளவிடப்பட்ட மதிப்பாய்வு இல்லாத மின்வழங்கியை இத்தகைய கணினிக்கு வாங்க வேண்டாம்.